கொமரலிங்கமா, குமரலிங்கமா? தாய்மொழிக்காரரிடம் இணையவழி மொழி படிப்பது பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

உடுமலைப்பேட்டைக்குத் தென்கிழக்கே, அமராவதி ஆற்றை ஒட்டி இருக்கும் ஊர் அது. எழுத்தில் குமரலிங்கம் என்றும் வரும், கொமரலிங்கம் என்றும் வரும். வாயில் வருவது ஒன்றுதான், கொமரலிங்கம். இது ஊர்க்காரர்களின் நாக்குப் பிசகு இல்லை. சொல்லின் முதல் எழுத்தில் குறில் இகரமோ உகரமோ இருந்து, நடுவில் ஒற்றை மெய்யோடு அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும். இடம் எடமாகிறது, இலை எலையாகிறது, குடம் கொடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, முதலாளி மொதலாளி ஆகிறார். கொங்குப் பக்கம் மட்டுமில்லை, தமிழ்நாடு பூராவும் பேச்சில் இப்படித்தான். விதிவிலக்கு ரொம்பக் குறைவான, சுத்தமான ஒரு விதி.

இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் போனில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு தமிழ் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் ஒரு தமிழர். படிப்பவர் கேட்கிறார்: "குடம் சரியா, கொடம் சரியா?" தமிழர் என்ன சொல்வார்? பத்துக்கு எட்டுப் பேர், "குடம்தான் சரி, நாங்க சும்மா கொச்சையா கொடம்னு சொல்லுவோம்" என்றுதான் சொல்வார்கள். சொல்லி முடித்த அடுத்த நிமிஷம் தங்கள் வீட்டில் கொடம் என்றுதான் சொல்வார்கள். மேலே சொன்ன விதியை அவர்களில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அப்படி ஒரு விதி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"ஒரு மொழியைக் கத்துக்கணும்னா அதைத் தாய்மொழியாப் பேசறவங்களோட இணையத்துல பேசிப் பழகு, அதைவிட நல்ல வழி இல்லை" என்ற அறிவுரையை இன்று எல்லா இடத்திலும் கேட்கிறோம். இந்த அறிவுரையை ஒரு புத்தகத்தை விமர்சிப்பது போல எடுத்து விமர்சித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பின் நோக்கம். அது என்ன வாக்குக் கொடுக்கிறது, எதைச் செய்து காட்டுகிறது, யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, திருப்பூர் பக்கம் அதை இறக்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

எங்கிருந்து வந்தது

செயலிகள் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே இந்த முறைக்கு ஒரு பேர் இருந்தது: டாண்டம். இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கு அந்தப் பேர். 1963ல் பிரான்சும் ஜெர்மனியும் ஒப்பந்தம் போட்டு ஓர் இளைஞர் அலுவலகத்தை ஆரம்பித்தன. இரண்டு தேசத்துப் பிள்ளைகளையும் ஒட்டுக்கா உட்கார வைத்து, ஆளுக்கு ஆள் மொழி சொல்லிக் கொடுக்க வைத்ததில் இருந்து இந்த முறை வளர்ந்தது. 1990களில் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெல்முட் பிராமர்ட்ஸ் போன்றவர்கள் இதையே மின்னஞ்சலுக்குக் கொண்டுபோனார்கள். 2006ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று 'டெலிடாண்டம்' என்று வீடியோ அழைப்பில் செய்தது. 2010களில் ஹலோடாக், டாண்டம் மாதிரியான செயலிகள் அதைப் பையில் போட்டுக்கொள்ளும் பொருளாக்கின.

இந்த முறைக்கு இரண்டு தூண் என்று அதை வளர்த்தவர்களே சொல்கிறார்கள். ஒன்று, கொடுக்கல் வாங்கல்: நான் உனக்கு என் மொழி, நீ எனக்கு உன் மொழி, நேரம் பாதிக்குப் பாதி. இரண்டு, தன் பொறுப்பு: வாத்தியார் கிடையாது, எதைப் படிப்பது, எப்படித் திருத்துவது என்று படிப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

முறையில் சத்து இல்லாமல் இல்லை. மெரில் ஸ்வெயின் கனடாவில் பிரெஞ்சு வழியாகப் பள்ளியில் படித்த ஆங்கிலப் பிள்ளைகளைக் கவனித்து 1985ல் ஒன்று சொன்னார். வருஷக்கணக்கில் பிரெஞ்சைக் காதால் கேட்டும், அந்தப் பிள்ளைகள் பேசும்போது இலக்கணம் தடுமாறியது. கேட்பது மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்லத் தள்ளப்பட வேண்டும் என்பது அவர் முடிவு. மைக்கேல் லாங் இன்னொரு பக்கத்தைச் சொன்னார். பேச்சு புரியாமல் "என்ன சொன்னீங்க?" என்று கேட்டு, மறுபடி வேறு மாதிரி சொல்லி, இழுபறி பண்ணிப் புரிந்துகொள்ளும் இடத்தில்தான் மொழி உள்ளே இறங்குகிறது என்றார். எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் இந்த இரண்டும் நடக்கும். முப்பது நாளில் கற்றுத் தரும் புத்தகத்தோடு இழுபறி பண்ண முடியாது.

ஆக, முறை பொய் இல்லை. ஆனால் அதன் இரண்டு தூணையும், அது சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஒன்றையும், நம்ம ஊர் மண்ணில் நட்டுப் பார்க்க வேண்டும்.

கொடுக்கல் வாங்கல்: தமிழை யாருக்கு வேணும்?

இருவருக்கும் அடுத்தவர் மொழி வேண்டும் என்றால்தான் பாதிக்குப் பாதி நடக்கும். அது ஒரு சந்தை. சந்தையில் எல்லா மொழிக்கும் ஒரே விலை இல்லை. தமிழரில் ஆங்கிலம் கேட்பவர்கள் எக்கச்சக்கம்; ஆங்கிலம் பேசுபவர்களில் தமிழ் கேட்பவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. அப்போது சைக்கிளில் ஒருவர்தான் மிதிக்கிறார், இன்னொருவர் உட்கார்ந்து வருகிறார்.

இந்தியாவில் இதற்குப் பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. சுகதா மித்ரா 2009ல் பிரிட்டனில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முதலானோரை ஸ்கைப் வழியாக ஹைதராபாத் பிள்ளைகளோடு பேச வைத்தார். பாட்டிமார் மேகம் என்று அதற்குப் பேர் வந்தது. நல்ல எண்ணம், பிள்ளைகளும் சந்தோஷமாகப் பேசினார்கள். ஆனால் அந்தப் பாட்டிமார் ஒருவரும் தெலுங்கு படிக்க வேண்டியதில்லை. ஒருவர் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர் என்று ஏற்பாடே அப்படி. மொழி பேசுபவரை ஒரு குழாய் மாதிரி திறந்து மூடுவதற்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இதற்கு மாறாக 2014ல் பிரேசிலில் ஒரு ஆங்கிலப் பயிற்சி நிறுவனம் தன் மாணவர்களைச் சிகாகோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்களோடு வீடியோவில் பேச வைத்தது. விளம்பர நோக்கம் அதில் உண்டுதான். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. முதியவர்களுக்குப் போர்த்துகீசு வேண்டாம், பேச்சுத்துணை வேண்டும். மாணவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். மொழிக்கு மொழி என்று மட்டும் பார்க்காமல், எதற்கு எது சமம் என்று யோசித்திருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் தரங்கம்பாடிக்கே போகலாம். 1706ல் வந்து இறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். அதற்கு மேல் அவருக்குத் துணையாக இருந்தவர் போர்த்துகீசும் இன்னும் சில ஐரோப்பிய மொழிகளும் தெரிந்த அழகப்பன். 1712 முதல் 1714 வரை சீகன்பால்கும் க்ருண்ட்லரும் தமிழர்களிடம் எழுத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினார்கள். அந்த 99 கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் ஹாலே நகரத்தில் அச்சாயின. தாய்மொழிக்காரரோடு தூரத்தில் இருந்து எழுதிப் பழகும் முறைக்கு இதைவிடப் பழைய தமிழ் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பதில்களில் பெரும்பகுதியை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தமிழ் அச்சு வரலாற்றில் சீகன்பால்க் பேர் எல்லோருக்கும் தெரியும். அழகப்பன் பேரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மொழியைக் கொடுப்பவரைக் கச்சாப்பொருளாகப் பார்க்கும் பழக்கம் செயலியோடு வந்ததில்லை.

தன் பொறுப்பு: நேரம் யார் கையில்?

இரண்டாவது தூண் தன் பொறுப்பு. எப்போது படிப்பது, எவ்வளவு நேரம் பேசுவது என்று தானே முடிவு பண்ணக் கூடியவருக்கு இது சரி.

திருப்பூரில் எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். நடைமுறையில் "ஒண்ணரை ஷிப்ட்" என்பதுதான் பேச்சு, அதாவது பன்னிரண்டு மணி நேரம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து பனியன் கம்பெனியில் சிங்கர் மிஷினிலோ ஓவர்லாக்கிலோ உட்காருபவருக்கு ராத்திரி அறைக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பது தூக்கம். பக்கத்தில் நூல் மில்களில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு, போன் பயன்படுத்தவே கட்டுப்பாடு வைக்கும் இடங்கள் உண்டு என்று தொழிலாளர் அமைப்புகள் பல வருஷமாகச் சொல்லி வருகின்றன. இவர்களிடம் போய் "தினம் அரை மணி நேரம் தாய்மொழிக்காரரோட பேசுங்க" என்பது அறிவுரை இல்லை, கேலி.

தமிழ் மிகவும் தேவைப்படுபவரும் இவர்தான். ஓவர்டைம் எத்தனை மணி என்று கணக்குச் சரிபார்க்க வேண்டும். பீஸ் ரேட் பேச வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரியில் எத்தனை நாளாக என்று சொல்ல வேண்டும். இதில் ஒரு வார்த்தை தவறினால் சம்பளம் போகும், இல்லாவிட்டால் மருந்து மாறும். பொழுதுபோக்காகத் தமிழ் படிக்கும் ஒருவருக்குத் தவறு என்பது சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் விஷயம். இவருக்கு அப்படி இல்லை.

தாய்மொழிக்காரர் என்பவர் யார்?

சொல்லாமல் வைத்திருக்கும் மூன்றாவது தூண் இதுதான்: தாய்மொழியாகப் பேசுபவர் சொன்னால் அது சரியாக இருக்கும். 1985லேயே தாமஸ் பைக்கடே என்ற அகராதிக்காரர், தாய்மொழிப் பேச்சாளர் செத்துவிட்டார் என்று தலைப்பு வைத்து ஒரு புத்தகம் போட்டார். மொழியியல்காரர்கள் சொல்லும் அப்படியொரு குறையில்லாத ஆள் எங்குமே இல்லை என்பது அவர் வாதம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. தமிழ் விஷயத்தில் மட்டும் பார்க்கிறேன்.

தமிழுக்கு எழுத்து வழக்கு ஒன்று, பேச்சு வழக்கு ஒன்று. நமக்கு இது மூச்சு மாதிரி. யோசிக்காமல் இரண்டுக்கும் நடுவே போய் வருகிறோம். படிப்பவர் கேள்வி கேட்டதும் நம்மை அறியாமல் ஒரு வாத்தியார் நமக்குள் எழுந்து உட்காருகிறார். "வந்துக்கிட்டிருக்கேன்" என்று எழுதி அனுப்பினால் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று திருத்தி அனுப்புகிறோம். அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் பஸ்ஸில் சொன்னால், மேடையில் பேசுகிற மாதிரி இருக்கும். கண்டக்டர் சிரிப்பார், பதிலைப் பேச்சுத் தமிழில் சொல்வார், படித்தவருக்கு அது புரியாது. திருத்தியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தான் தினமும் பேசும் மொழியை மொழியாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கு ஒரு முழு இலக்கணம் எழுதி 1999ல் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் வெளியிட்டது. பேச்சுத் தமிழிலும் ஊர்க்கு ஊர் மாறாத ஒரு பொது வழக்கு உருவாகியிருக்கிறது, அதைத் தைரியமாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. சிங்கப்பூரில் பள்ளிப் பாடத்திட்டமே பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்தது. நம்ம பக்கம் பேச்சு இன்னும் "கொச்சை"தான். இணையப் பரிமாற்றத்தில் தமிழ் படிப்பவர் தடுமாறுவதற்குச் செயலியைவிட இந்த ஒரு சொல்லுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

இதற்கு மேல் வட்டார வழக்கு. கொங்கில் "பொழுதோட வாங்க" என்றால் சாயங்காலம் வரச் சொல்கிறார்கள். "ஒட்டுக்கா" என்றால் சேர்ந்து. "நோம்பி" என்றால் பண்டிகை. செயலியில் கிடைக்கும் தமிழர் சென்னைக்காரராகவோ டொராண்டோவில் வளர்ந்தவராகவோ இருந்தால் இது எதுவும் வராது. யாழ்ப்பாணத்தாராக இருந்தால் வேறு ஒரு தமிழ் வரும். எல்லாமே தமிழ்தான், எல்லோரும் தாய்மொழிக்காரர்தான். கொமரலிங்கத்தில் வேலைக்கு வந்தவருக்கு வேண்டியது கொமரலிங்கத்தில் பேசும் தமிழ்.

எந்தப் பாலம் வழியா?

இன்னொரு குறை. இந்தச் செயலிகளில் தமிழுக்குப் போகும் பாதை பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான். ஒடியா பேசுபவர் ஒருவர் தமிழ் படிக்க ஆங்கிலம் எதற்கு? 1956லேயே எம்.பி. எமனோ இந்தியாவை ஒரு மொழிப் பரப்பு என்றார். குடும்பம் வேறானாலும் இங்குள்ள மொழிகள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஒன்றின் பழக்கத்தை இன்னொன்று எடுத்துக்கொண்டிருக்கின்றன. வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவது, "நான் தெரியும்" என்று சொல்லாமல் "எனக்குத் தெரியும்" என்று சொல்வது, இதெல்லாம் இந்தி பேசுபவருக்குப் புதுசே இல்லை, "முஜே மாலூம் ஹை" என்பதும் அதே அமைப்புத்தான். கொங்கில் "சரிங்க", "இல்லீங்க" என்று ஒட்டும் "ங்க"வைப் புரிய வைக்க ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும். இந்திக்காரருக்கு "நீங்க சொல்ற ஜி மாதிரி" என்றால் முடிந்தது.

எது நிஜமாகவே புதுசோ அங்குதான் உழைக்க வேண்டும். இந்தியில் "ஹம்" ஒன்றுதான், தமிழில் "நாம" வேறு, "நாங்க" வேறு. சூப்பர்வைசரிடம் "நாங்க சாப்பிடப் போறோம்" என்றால் நீங்கள் வரவில்லை என்று அர்த்தம். "நாம சாப்பிடப் போலாம்" என்றால் அழைப்பு. இந்த வித்தியாசத்தைத் தமிழர் யாரிடமும் காரணம் கேட்டால் திணறுவார். ஆனால் தப்பாகச் சொன்னால் உடனே உறுத்தும். தாய்மொழிக்காரரின் உண்மையான பலம் அந்த உறுத்தல்தான். அவரிடம் விதி கேட்காமல் காதைக் கேட்க வேண்டும்.

மத்திய அரசு 2021ல் வெளியிட்ட பாஷா சங்கம் செயலி 22 மொழிகளில் அன்றாட வாக்கியங்கள் நூறுக்கு மேல் தருகிறது. 22 என்பது எட்டாவது அட்டவணையின் கணக்கு. பீகாரில் இருந்து வரும் பலரின் வீட்டு மொழியான போஜ்புரி அந்த அட்டவணையிலேயே இல்லை. வாக்கியம் கேட்டுப் பழகலாம், பதில் சொல்லித் திருத்த ஆள் கிடையாது. கேரளம் 2017ல் பெரும்பாவூரில் தொடங்கிய 'சங்ஙாதி' திட்டம் வேறு வழியில் போனது. இந்தியைப் பாலமாக வைத்து 'ஹமாரி மலையாளம்' என்று ஒரு பாடநூல் போட்டு, தொழிலாளர்களை உட்கார வைத்து ஆள் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் இணையம் இல்லை. ஆனால் யாருக்கு, எதன் வழியாக, எதற்கு என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தது.

திருப்பூர் ஏற்கெனவே செய்து காட்டியது

இத்தனை குறை சொன்ன பிறகு, இந்த முறை திருப்பூரில் பிரமாதமாக வேலை செய்த ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். யாரும் அதை மொழி கற்றல் என்று கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான்.

1978ல் இத்தாலியில் இருந்து வந்த ஓர் இறக்குமதியாளரிடம் இருந்து திருப்பூரின் ஏற்றுமதிக் கதையை ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வளர்ந்த கம்பெனிகளில் மெர்சண்டைசர் என்றொரு வேலை வந்தது. வெளிநாட்டு பையரோடு ஆர்டர் பேசுவது, சாம்பிள் அனுப்புவது, கலர் ஒப்புதல் வாங்குவது, ஷிப்மெண்ட் தேதி தள்ளினால் சமாதானம் சொல்வது அவர் வேலை. தமிழ் வழியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்த பலர் ஆங்கிலம் கற்றது மின்னஞ்சலில்தான். பையர் அனுப்பிய வாக்கியத்தை எடுத்து அடுத்த மெயிலில் தாங்களே போடுவார்கள். தப்பாக எழுதினால் பையருக்குப் புரியாது, மறுபடி கேட்பார், மறுபடி எழுத வேண்டும். லாங் சொன்ன அதே இழுபறி. எழுதியே ஆக வேண்டும் என்ற தள்ளல். ஸ்வெயின் சொன்னதும் அதுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்தவர் ஜெர்மன்காரர், இத்தாலிக்காரர், ஸ்பெயின்காரர். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி இல்லை. இருந்தும் மெர்சண்டைசர் ஆங்கிலம் கற்றார். அவருக்குக் கிடைத்தது நடக்க வேண்டிய ஒரு காரியம், திரும்பத் திரும்ப வரும் அதே வார்த்தைகள், புரியாவிட்டால் உடனே தெரிந்துவிடும் ஒரு விளைவு.

மிஷின் ஹாலிலும் இதே கதைதான். தமிழ் சூப்பர்வைசரும் ஒடியாத் தொழிலாளியும் அரைகுறை இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது தாய்மொழி இல்லை. 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய மாநிலம் இது. அந்த எதிர்ப்பு அரசு கட்டாயப்படுத்துவதைப் பற்றியது. பக்கத்து மிஷின்காரரின் பேச்சைப் பழகிக்கொள்வதில் அந்தப் பிரச்சினை இல்லை. "தாகா", "கப்டா", "ஜல்தி" இந்தப் பக்கம் வருகிறது. "செக்கிங் முடிஞ்சுதா", "ஒண்ணரை போட்டாச்சா" அந்தப் பக்கம் போகிறது. நேரத்தைப் பாதிக்குப் பாதி பிரிக்காமலே கொடுக்கல் வாங்கல் நடக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. மெர்சண்டைசரின் ஆங்கிலம் ஷிப்மெண்டைத் தாண்டினால் திக்கும். ஹாலில் பழகிய தமிழ் "எடு, வை, சீக்கிரம்" என்று கட்டளையாகவே நிற்கும். மேலே இருப்பவர் ஏவுவதும் கீழே இருப்பவர் கேட்பதுமாக ஒரு மொழியைப் பழகினால், அந்த மொழியில் கேள்வி கேட்க வராது. "ஏன் என் கணக்குல ரெண்டு நாள் குறையுது?" என்று கேட்கும் தமிழை யாரும் ஹாலில் சொல்லிக் கொடுப்பதில்லை. அவருக்கு மிகவும் வேண்டியிருப்பது அந்தத் தமிழ்தான்.

2023 மார்ச்

2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் போனில் பரவின. அவை பொய் என்று தமிழ்நாடு காவல்துறை சொன்னது. வேறு ஊரில் வேறு காரணத்துக்காக நடந்த சண்டைக் காட்சிகளும் அதில் இருந்தன. பயம் உண்மையாக இருந்தது. ஹோலி சமயம் வேறு. பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பியது, அது திருப்பூருக்கும் வந்து பார்த்தது. இந்தியில் அறிவிப்புகளும் உதவி எண்களும் வந்தன.

தமிழ் தெரிந்திருந்தால் வதந்தி பரவியிருக்காது என்று நான் சொல்லவில்லை. தாய்மொழியில் வரும் பொய்யைத் தாய்மொழிக்காரர்களும் நம்புகிறார்கள். ஆனால் அந்த வாரம் திருப்பூர் அறை ஒன்றில் உட்கார்ந்திருந்தவரின் கையில் இருந்த போன், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பயத்தை அவர் மொழியில் கொண்டுவந்து கொடுத்தது. தெருவில் பத்தடி தள்ளி இருந்த கடைக்காரரிடம் "அண்ணா, இது நெஜமா?" என்று கேட்க அதே போன் உதவவில்லை. இணையத்தில் மொழிப் பரிமாற்றம் என்றால் கண்டம் தாண்டிப் பேசுவதையே நினைக்கிறோம். நமக்கு அறுந்து கிடப்பது இந்தப் பத்தடி.

அப்ப என்னதான் செய்யறது?

முறையைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் நல்ல பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றிக் கட்டலாம்.

முதலில், தாய்மொழிக்காரர் என்ற இடத்தில் அதே ஊர்க்காரர் என்று வைக்கலாம். ஒரே தெருவில், ஒரே கம்பெனியில் இருக்கும் இரண்டு பேர் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பிக்கொள்ளலாம். நேரலையாகப் பேச இரண்டு பேருக்கும் ஒரே நேரம் வேண்டும். குரல் பதிவுக்கு அது வேண்டாம், டீ நேரத்தில் கேட்டுவிட்டு ராத்திரி பதில் போடலாம். திரும்பத் திரும்பக் கேட்கலாம். எழுதத் தெரியாதவரும் கலந்துகொள்ளலாம். ஒண்ணரை ஷிப்ட்காரருக்குப் பொருந்துவது இந்த வடிவம்தான்.

அடுத்து, கேள்வியை மாற்ற வேண்டும். "எது சரி?" என்று கேட்டால் நமக்குள் இருக்கும் வாத்தியார் பதில் சொல்வார். "இதை உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேட்டால் மொழி பதில் சொல்லும். திருத்துபவர் ஒரு பதிவில் ஒன்றிரண்டைத் திருத்தினால் போதும், அதுவும் பேச்சு வடிவத்தில். எழுத்து வடிவம் பஸ் போர்டும் சம்பளச் சீட்டும் படிக்கத் தனியாக வரட்டும். அது இரண்டாவது பாடம்.

கடைசியாக, பேச்சின் பொருள் கட்டளையாக இல்லாமல் கேள்வியாக இருக்கட்டும். கூலி, மணிக்கணக்கு, மருந்து, வாடகை, பள்ளிக்கூடச் சேர்க்கை. தமிழ்ப் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். அது ஒடியாவாகவோ இந்தியாகவோ இருக்கலாம், அவருடைய கடைக்கு வரும் வாடிக்கையாளரின் மொழியாக இருக்கலாம், சும்மா ஒரு பழக்கமாகவும் இருக்கலாம். எதற்கு எது சமம் என்று அவர்களே பேசி முடிவு பண்ணிக்கொள்வார்கள்.

முறையின் மதிப்பீட்டை இப்படி முடிக்கிறேன். தாய்மொழிக்காரரோடு இணையத்தில் பேசிப் பழகுவது, நேரமும் ஆங்கிலமும் சந்தையில் மதிப்புள்ள ஒரு மொழியும் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு நல்ல முறை. மற்றவர்களுக்கு அது அரை முறை. மிச்சப் பாதியில் ஒரு பங்கு செயலிக்காரர்கள் செய்ய வேண்டியது. அவர்கள் செய்வார்களா என்று தெரியாது. இன்னொரு பங்கு தமிழ் பேசும் நாம் செய்ய வேண்டியது. நாம் தினமும் பேசும் பேச்சை, வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும் தகுதியுள்ள மொழி என்று முதலில் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இணைய இணைப்பு கூட வேண்டாம்.